ரிப்போர்ட்டில் நட்சத்திரம் இல்லாத 9

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் கோவில்பட்டியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு ரத்தப் பரிசோதனை லேப்பில் 24 வருடமாக வேலை பார்க்கிறேன். போன மாதம் உங்கள் ஞாயிறு நலவாழ்வுப் பக்கத்தில், ஒரு இடத்தில் உட்காராத, ஏ.டி.எச்.டி. என்கிற கவனக்குறைவும் அதிகத் துறுதுறுப்பும் உள்ள பிள்ளைகளுக்கு இரும்பும் துத்தநாகமும் கொடுத்தால் டாக்டர் எழுதிய மாத்திரையே வேண்டாம் என்கிற மாதிரி ஒரு கட்டுரை வந்தது. அரைப் பக்கம். மேலே முருங்கைக்கீரையும் பூசணி விதையும் கலரில். அந்தத் துண்டை இதுவரை நான்கு அம்மாக்கள் என் மேசையில் விரித்து வைத்துவிட்டார்கள்.

முதலில் வந்தவர் பக்கத்துக் கிராமத்துக்காரர், தீப்பெட்டி ஆபீஸ் வேலை. பர்ஸுக்குள் நாலாக மடித்து வைத்திருந்தார். கூட இரண்டு பையன்கள். சின்னவன் அம்மா சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். பெரியவன் நான் பெயர் எழுதி முடிப்பதற்குள் எடை மிஷினில் நாலு தடவை ஏறி இறங்கி, நாற்காலியைத் தலைகீழாகப் போட்டு, சுவரில் இருந்த கல்லீரல் படத்தின் மூலையைக் கிழித்திருந்தான். "எக்கா, இதுல போட்டுருக்க அம்புட்டையும் எடுத்துருங்க" என்றார். எந்த டாக்டர் எழுதினார் என்று கேட்டேன். "பேப்பர்லதான் போட்டுருக்கே. அந்த மாத்திரையை நிறுத்திப் பத்து நாளாச்சு" என்றார்.

அந்தப் பத்து நாளுக்காகத்தான் இந்தக் கடிதம். கட்டுரை முழுக்கப் பொய் என்று சொல்ல வரவில்லை. பாதி உண்மை. அந்தப் பாதி என் வீட்டிலேயே நடந்தது. மீதிப் பாதியும் என் வீட்டிலேயேதான் நடந்தது.

என் மகன் 2018இல் மூன்றாம் வகுப்பு. அந்த ஒரு பருவத்தில் மட்டும் ஐந்து தண்ணீர் பாட்டில், கணக்கில்லாத ரப்பர், ஒற்றைச் செருப்பு ஒன்று தொலைத்தான். செருப்பில் ஒன்றை மட்டும் எப்படித் தொலைக்க முடியும் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. டீச்சர் கேள்வியை முடிக்கும் முன்னால் பதில் சொல்வான், அதுவும் வேறு கேள்விக்கான பதில். டைரியில் வாரம் இரண்டு சிவப்பு மை. என் மாமியார், "இவன் அப்பனும் இப்படித்தான், மரத்துல கட்டிப் போட்டுச் சோறு ஊட்டுவேன்" என்று சிரிப்பார். என் கணவர் சிரிக்க மாட்டார்.

இதோடு இன்னும் இரண்டு விஷயம் இருந்தது. இரண்டையும் நான் கணக்கில் எடுக்கவில்லை. ஒன்று, அவன் சிலேட்டுக் குச்சி தின்பான். மூன்றாம் வகுப்பில் சிலேட்டே கிடையாது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் வாங்கித் தின்றிருக்கிறான். துணி துவைக்கும்போது சட்டைப் பையில் சாம்பல் நிறத் தூளாக வரும். வயிற்றில் பூச்சி என்று பூச்சி மருந்து கொடுத்தேன். இன்னொன்று, ராத்திரி. படுத்தவுடன் "கால் உளையுதும்மா" என்பான். அமுக்கிவிட்டால் கொஞ்ச நேரம் சும்மா இருப்பான், பிறகு சுவரில் காலைத் தேய்ப்பான், போர்வையை உதைப்பான். தூங்க பதினொன்று, பதினொன்றரை ஆகும். பகலெல்லாம் ஓடுகிறான், கால் வலிக்கத்தானே செய்யும் என்று நல்லெண்ணெய் தேய்த்தேன். தினமும் பத்துப் பேருக்கு ரத்தசோகை ரிப்போர்ட் அடித்துக் கொடுப்பவள் நான். குச்சி, அரிசி, மண் தின்னும் பிள்ளைக்கு இரும்புச் சத்து பார்க்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் அரிச்சுவடி. சொந்தப் பிள்ளை என்று வரும்போது அரிச்சுவடி மறந்துபோகிறது.

டாக்டரிடம் போவதற்கு முன்னால் வேறு ஒரு இடத்துக்குப் போனோம். எந்த ஊர், என்ன பெயர் என்று எழுதப்போவதில்லை. உறவுக்காரர் ஒருவர் சொல்லி அனுப்பினார். பின்னந்தலையில் ஒரு கொத்து முடி வெட்டி உறையில் போட்டார்கள். 7,500 ரூபாய். மூன்று வாரத்தில் வழவழ தாளில் எட்டுப் பக்க ரிப்போர்ட் வந்தது. பச்சை, மஞ்சள், சிவப்புக் கோடுகள், இருபதுக்கு மேல் தாதுக்களின் பெயர். மெக்னீசியம் சிவப்பு, துத்தநாகம் சிவப்பு, இரும்பு மட்டும் பச்சை. மூன்று மாதத்துக்குப் பொடி டப்பாக்கள் 14,000 ரூபாய். ஒரு லேப் டெக்னீஷியன் போய் இதில் விழுந்தேன் என்பதை எழுதக் கூசுகிறது. ஆனால் அந்தக் கோடுகளைப் பார்த்தபோது எனக்கு ஒரு நிம்மதி வந்ததே, அதையும் மறைக்கக் கூடாது. என் வளர்ப்பில் தப்பில்லை, மெக்னீசியத்தில்தான் தப்பு!

பிறகுதான் படித்தேன்: 2001இல் அமெரிக்காவில் ஆரோக்கியமான ஒரே ஆளின் முடியை ஆறு லேப்களுக்குப் பிரித்து அனுப்பிப் பார்த்திருக்கிறார்கள். சில தாதுக்களில் ஒரு லேப்பின் அளவுக்கும் இன்னொரு லேப்பின் அளவுக்கும் பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம். தலை ஒன்று, முடி ஒன்று. எங்கள் லேப்பில் சர்க்கரை அளவு இப்படி வந்தால் வாசலில் கல் விழும்.

பொடி இரண்டு மாதம் ஓடியது. மாற்றம் இருப்பதாகத்தான் நானும் எல்லோரிடமும் சொன்னேன். 14,000 ரூபாய் கொடுத்த யாரும் அப்படித்தான் சொல்வார்கள். அரையாண்டுப் பரீட்சையில் கணக்குத் தாளின் பின்பக்கத்தைத் திருப்பியே பார்க்காமல் கொடுத்துவிட்டு வந்தான். அன்றைக்கே கடைசி டப்பாவை அடுக்களை மேல்தட்டில் தூக்கிப் போட்டேன்.

திருநெல்வேலியில் ஒரு குழந்தை நல டாக்டர். பெண். முக்கால் மணி நேரம் பேசினார். பள்ளியில் எப்படி, வீட்டில் எப்படி என்று தனித்தனியாகக் கேட்டார். டீச்சர் நிரப்ப ஒரு படிவம் கொடுத்தார். ஏ.டி.எச்.டி. என்று முடிவு செய்ய ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது என்றும், இரண்டு இடத்திலாவது, ஆறு மாதத்துக்குக் குறையாமல், 12 வயதுக்கு முன்பிருந்தே அறிகுறி இருக்க வேண்டும் என்றும் விளக்கினார். எல்லாம் முடிந்து எழுந்திருக்கும் நேரத்தில், "ராத்திரி நல்லா தூங்குவானா?" என்றார். கால் உளைச்சலைச் சொன்னேன். உட்காரச் சொன்னார். "எதையாவது திம்பானா? மண்ணு, சாக்பீஸ்?" அவ்வளவுதான், எனக்குக் காது சூடாகிவிட்டது.

ஹீமோகுளோபினை எங்கள் லேப்பிலேயே நான்தான் பார்த்தேன். 11.8. அந்த வயதுக்கு 11.5க்குக் கீழே போனால்தான் ரத்தசோகை. ஆக, ரத்தசோகை இல்லை. உடம்பில் உள்ள இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டினைப் பார்க்கும் மிஷின் அப்போது எங்களிடம் இல்லை. மஞ்சள் மூடி டியூபில் ரத்தம் எடுத்து, சுற்றவிட்டு, சீரத்தைப் பிரித்து, ஐஸ் பெட்டியில் வைத்து ராத்திரி பஸ்ஸில் மதுரைக்கு அனுப்புவோம். ஆயிரம் பேருடைய பெட்டியைக் கட்டியிருக்கிறேன். அன்றைக்கு மட்டும் கண்டக்டரிடம் இரண்டு தடவை சொன்னேன், வெயில் படாத பக்கம் வைங்க என்று. ராத்திரி பஸ்ஸில் ஏது வெயில்.

மறுநாள் வந்த எண் 9. மில்லிலிட்டருக்கு 9 நானோகிராம்.

இங்கேதான் உங்கள் வாசகர்கள் கவனிக்க வேண்டிய ஒரு சங்கதி. அந்த ரிப்போர்ட்டில் குழந்தைகளுக்கான நார்மல் அளவு 7 முதல் 140 வரை என்று அச்சடித்திருந்தது. 9 அதற்குள் வந்துவிடுகிறதே. அதனால் பக்கத்தில் நட்சத்திரக் குறி போடவில்லை, தடித்த எழுத்திலும் இல்லை. நட்சத்திரம் இல்லாவிட்டால் பெரும்பாலான வீட்டில் ரிப்போர்ட்டை மடித்து பீரோவில் வைத்துவிடுவார்கள். நானே மற்றவர்களுக்கு "எல்லாம் நார்மல்தான்" என்று எத்தனை முறை கொடுத்திருப்பேனோ. உலக சுகாதார நிறுவனக் கணக்கில் ஐந்து வயதுக்கு மேல் 15க்குக் கீழே போனாலே இரும்புக் கையிருப்பு தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். கால் உளைச்சல் உள்ள பிள்ளைகளுக்கு 50க்குக் குறையாமல் இருக்கட்டும் என்பார்கள். ஹீமோகுளோபின் என்பது கல்லாவில் புழங்கும் சில்லறை, ஃபெரிட்டின் பீரோவில் உள்ள சேமிப்பு. சேமிப்பு தீர்ந்த பிறகும் கொஞ்ச நாள் கடை ஓடும்.

இரும்புச் சொட்டு மருந்தை டாக்டர் எடைக்குக் கணக்குப் போட்டு எழுதினார். பாலோடும் டீயோடும் கூடாது, எலுமிச்சைச் சாறோடு கொடுங்கள், பல் கறுக்காமல் இருக்க ஸ்ட்ரா வைத்து உறிஞ்சச் சொல்லுங்கள் என்றார். மலம் கறுப்பாகப் போகும் என்று எனக்குத் தெரியும். அவனிடம் சொல்ல மறந்துவிட்டேன். கழிப்பறையிலிருந்து, "எம்மா, தார் ரோடு!" என்று ஒரு கத்தல். தெருவுக்கே கேட்டது.

மூன்றாவது வாரம் சிலேட்டுக் குச்சி நின்றது. நான் கண்டிக்கவே இல்லை, அவனாகவே கேட்பதை விட்டுவிட்டான். ஒன்றரை மாதத்தில் கால் உளைச்சல் குறைந்தது, ஒன்பதரைக்குத் தூங்கினான். காலையில் எழுப்பும்போது அழுகை இல்லை. டைரியில் சிவப்பு மை வாரம் இரண்டு என்பது ஒன்றானது. நாலு மாதம் கழித்து ஃபெரிட்டின் 47.

கட்டுரை சொன்ன பாதி இதோடு முடிகிறது. நானும் அன்றைக்கு இதோடு கதை முடிந்தது என்றுதான் நம்பினேன். அந்த மாதமே கோயிலில் மாவிளக்குப் போட்டேன்.

ஆனால் பாட்டில் தொலைவது நிற்கவில்லை. வரிசையில் நிற்க முடியவில்லை. வீட்டுப் பாடத்துக்கு உட்கார்ந்தால் மூன்றாவது வரியில் பென்சில் சீவப் போய்விடுவான். தூங்கி எழுந்த தெளிவோடு அதையெல்லாம் செய்தான், அவ்வளவுதான் வித்தியாசம். இரும்புக் குறைவு அவனுக்கு இருந்த ஒரு தொல்லை. ஏ.டி.எச்.டி. இன்னொன்று. ஒன்றன் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருந்தது. மேலே இருந்ததை எடுத்ததும் கீழே இருந்தது பளிச்சென்று தெரிந்தது. அடுத்த கல்வியாண்டில் நடத்தைப் பயிற்சியும், பிறகு மெத்தில்ஃபெனிடேட் மாத்திரையும் ஆரம்பித்தோம். மாத்திரை வேண்டாம் என்று என் கணவர் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. முதல் முறை ஒரு பக்கத்தை நிறுத்தாமல் எழுதி முடித்த நோட்டை அவரே எடுத்து வைத்திருக்கிறார்.

அந்த மாத்திரையால் மத்தியானம் பசி எடுக்காது. டப்பா அப்படியே திரும்பி வரும். சாப்பாடு குறைந்தால் இரும்பும் துத்தநாகமும் மறுபடி குறையும். அதனால் காலையில் மாத்திரைக்கு முன்னாடியே வயிறு நிறையக் கொடுத்துவிடுவேன். சாயங்காலம் மாத்திரையின் வேகம் இறங்கியதும் பசி பாய்ந்து வரும், அப்போது கம்பங்கஞ்சி, முட்டை, நம்ம ஊர்க் கடலைமிட்டாய். 2020இல் புவிசார் குறியீடு வாங்கிய கடலைமிட்டாய்க்கு இப்படி ஒரு உபயோகமும் உண்டு. வருடத்துக்கு ஒரு தடவை ஃபெரிட்டின் பார்க்கிறோம்.

டாக்டர் ஒருநாள் ஒரு ஆய்வின் அச்சுப் பிரதியைக் கொடுத்தார். அதிலிருந்து எனக்குப் படிக்கும் பைத்தியம் பிடித்தது. 2004இல் பாரிஸில் ஏ.டி.எச்.டி. உள்ள 53 பிள்ளைகளையும் இல்லாத 27 பிள்ளைகளையும் எடுத்து ஃபெரிட்டின் பார்த்திருக்கிறார்கள். முதல் கூட்டத்தின் சராசரி 23, இரண்டாவதன் சராசரி 44. முதல் கூட்டத்தில் 84 சதவீதம் பேருக்கு 30க்குக் கீழே, மற்றதில் 18 சதவீதம்தான். உங்கள் கட்டுரையாளர் இந்த மாதிரி ஒன்றைத்தான் படித்திருப்பார் என்று நினைக்கிறேன். காரணமும் பொருத்தமாகவே இருக்கிறது. கவனத்துக்கு உதவும் டோபமின் என்ற வேதிப்பொருளை மூளை தயாரிக்க டைரோசின் ஹைட்ராக்சிலேஸ் என்ற நொதி வேண்டும். அந்த நொதி இரும்பு இல்லாமல் வேலை செய்யாது. என் மகன் சாப்பிடும் மாத்திரை கை வைப்பதும் அதே டோபமினில்தான்.

ஆனால் அதே பாரிஸ் குழுவே 2008இல் அடுத்த படி போனது. ஃபெரிட்டின் 30க்குக் கீழே, ரத்தசோகை இல்லாத 23 பிள்ளைகள். 18 பேருக்கு 12 வாரம் இரும்பு, 5 பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. டாக்டர்கள் போட்ட மதிப்பெண்ணில் முன்னேற்றம் தெரிந்தது. பெற்றோரும் டீச்சரும் நிரப்பிய படிவத்தில் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு வித்தியாசம் வரவில்லை. 23 பேர் என்பது எங்கள் லேப்பில் ஒரு காலை நேரத்துக் கூட்டம். அமெரிக்காவில் 2006இல் 68 பிள்ளைகளிடம் பார்த்தபோது சராசரி ஃபெரிட்டின் கிட்டத்தட்ட 40. மற்ற பிள்ளைகளைவிடக் குறைவாகவே இல்லை.

துத்தநாகக் கதை இன்னும் வேடிக்கை. 2004இல் துருக்கியிலும் ஈரானிலும் பலன் தெரிந்தது. ஈரானில் கொடுத்தது மெத்தில்ஃபெனிடேட்டோடு சேர்த்து, அதை நிறுத்திவிட்டு இல்லை. 2011இல் அமெரிக்காவில் 52 பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது துத்தநாகம் தனியாக எதுவும் செய்யவில்லை. கூடுதல் அளவு சாப்பிட்டவர்களுக்கு, கூடவே கொடுத்த ஏ.டி.எச்.டி. மருந்தின் தேவை மட்டும் குறைந்தது. ஏற்கெனவே குறைவாக உள்ள ஊரில் கொடுத்தால் தெரியும், நிறைந்த ஊரில் கொடுத்தால் தெரியாது என்று எனக்குத் தோன்றுகிறது. காய்ந்த வயலுக்குப் பாய்ச்சிய தண்ணீரும் குளத்துக்குள் ஊற்றிய தண்ணீரும் ஒன்றா?

எல்லாத் தாதுக்களையும் வைட்டமின்களையும் ஒரே கேப்சூலில் அடைத்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்கா, கனடாவில் 135 பிள்ளைகள், எட்டு வாரம், ஒரு நாளைக்கு 9 முதல் 12 கேப்சூல். எந்தப் பிள்ளைக்கு எது கொடுத்தோம் என்று தெரியாத மருத்துவர்கள் பார்த்தபோது, கேப்சூல் சாப்பிட்டவர்களில் 54 சதவீதம், வெறும் கேப்சூல் சாப்பிட்டவர்களில் 18 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். பெற்றோர் நிரப்பிய படிவத்திலோ இரண்டு கூட்டமும் ஒரே மாதிரி முன்னேற்றம். அந்த வெறும் கேப்சூல் பெற்றோர்களை எனக்கு நன்றாகத் தெரியும். மேல்தட்டு டப்பா இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறது.

துத்தநாகம் பார்க்கச் சொல்லி வருகிறவர்களுக்கு ஒரு தொழில் விஷயம். சாதாரண டியூபின் ரப்பர் மூடியிலேயே துத்தநாகம் உண்டு. அது ரத்தத்தில் இறங்கினால் குறைவு நிறைவாகத் தெரியும். இதற்கென்று அடர்நீல மூடி போட்ட தனி டியூப் இருக்கிறது. ரத்த அணு உடைந்தாலும் எண் ஏறும், சாப்பிட்டு வந்தால் இறங்கும். அந்த டியூப் உண்டா என்று கேட்காமல் கையை நீட்டாதீர்கள். ஃபெரிட்டினுக்கும் ஒரு பிடி உண்டு: காய்ச்சல், சளி, சீழ்க்கட்டி இருந்தால் அது பொய்யாக ஏறிவிடும். டெங்கு வந்த பிள்ளைகளுக்கு ஆயிரக்கணக்கில் போகும். மூக்கு ஒழுகும் பிள்ளையைக் கூட்டி வந்தால் இரண்டு வாரம் கழித்து வாருங்கள் என்று நான் திருப்பி அனுப்புவேன். முதலாளிக்குப் பிடிக்காது.

உங்கள் கட்டுரையில் ஒரு தாது மட்டும் விட்டுப்போயிருந்தது. குறைந்தால் இல்லை, இருந்தாலே கெடுதல் செய்யும் தாது அது: காரீயம். நம் பேச்சில் வெள்ளீயத்தையும் காரீயத்தையும் ஒரே 'ஈயம்' ஆக்கிவிட்டோம். ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தில் இருக்க வேண்டும்; விலை குறைக்கக் காரீயத்தைக் கலந்துவிட்டால், புளிக்கரைசல் அதைக் கரைத்துத் தட்டுக்குக் கொண்டுவரும். என் மாமியாரின் சொம்பு இப்போது பரணில். அவருக்கு என் மேல் அந்தக் கோபம் தீரவில்லை, எவர்சில்வர் ரசத்துக்கு மணமே இல்லையாம். அதில் அவர் சொல்வது சரிதான்.

சென்னைப் பள்ளிகளில் 3 முதல் 7 வயது வரை உள்ள 756 பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு 2009இல் வந்தது. ரத்தத்தில் காரீயம் சராசரி டெசிலிட்டருக்கு 11.4 மைக்ரோகிராம். அமெரிக்காவில் இன்று 3.5 வந்தாலே வீட்டைச் சோதனை போடச் சொல்கிறார்கள். காரீயம் கூடக்கூட, டீச்சர்கள் போட்ட மதிப்பெண்ணில் கவனக்குறைவும் பதற்றமும் கூடியிருந்தன. இதுவும் இரும்போடு சேர்ந்த விவகாரம்தான்: குடலில் இரும்பு ஏறும் வாசல் வழியாகத்தான் காரீயமும் ஏறுகிறது. இரும்புக்கு ஏங்கிக் கிடக்கும் உடம்பு கதவை அகலத் திறந்து வைத்திருக்கும். பெட்ரோலில் காரீயத்தை 2000இல் நிறுத்திவிட்டார்கள். வீட்டுப் பெயின்டுக்கு 2017 நவம்பரிலிருந்து பத்து லட்சத்தில் 90 பங்குதான் உச்சவரம்பு. பழைய ஜன்னல் கம்பியில் உரியும் பெயின்ட், வீட்டு வாசலில் பழைய பேட்டரி உடைப்பது, பளபள மஞ்சள் நிறத்துக்காக மஞ்சள்தூளில் சேர்க்கும் கலப்படம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. சிலேட்டுக் குச்சி, சுவர்க்காரை தின்னும் பிள்ளையைப் பெற்றவர்கள் டாக்டரிடம் காரீயப் பரிசோதனையையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இன்னொன்று, இதை எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. இரும்பு மாத்திரை சத்து மாத்திரைதானே என்று அளவு பார்க்காமல் கொடுக்காதீர்கள். சிவப்பு நிறத்தில் மிட்டாய் மாதிரி இருக்கும். கைக்கெட்டும் இடத்தில் வைத்துச் சின்னப் பிள்ளை ஒரு கை அள்ளித் தின்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. துத்தநாகத்தை மாதக்கணக்கில் அதிகமாகக் கொடுத்தால் செம்புச் சத்து குறைந்து, அதனாலேயே ரத்தசோகை வரும். என் மேசைக்கு வந்த நான்கு அம்மாக்களில் இரண்டு பேர் ஏற்கெனவே கடையில் வாங்கிக் கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள். ஒருவர் பெரியவர்களுக்கான மாத்திரையைப் பாதியாக உடைத்து.

நம் மாநிலத்தில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை உள்ள பிள்ளைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு. முந்தைய கணக்கெடுப்பில் அது 50.7. இது ஹீமோகுளோபின் கணக்கு மட்டும். என் மகன் மாதிரி, கல்லாவில் சில்லறை இருந்து பீரோ காலியான பிள்ளைகள் இதில் வரவே மாட்டார்கள். பள்ளியில் வாரம் ஒரு தடவை கொடுக்கும் இரும்பு மாத்திரையைப் பிள்ளைகள் வாங்கித் தின்றால் நல்லது. எங்கள் தெருப் பள்ளிக்கூடத்துக் காம்பவுண்டுச் சுவருக்கு இந்தப் பக்கம் ரோஸ் மாத்திரைகள் கிடப்பதை நானே கூட்டித் தள்ளியிருக்கிறேன். பிள்ளைகளின் உடல்நலத்தைச் சோதிக்கும் ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய என்ற அரசுத் திட்டத்தில் வண்டி போட்டு வரும் டாக்டர்கள் பார்க்க வேண்டிய பட்டியலில் ஏ.டி.எச்.டி.யும் இருக்கிறது. அவர்கள் மாவட்ட மையத்துக்கு அனுப்பும் பிள்ளைகளுக்காவது ஃபெரிட்டினை இலவசமாகப் பார்க்க அரசு ஏற்பாடு செய்தால் போதும். எங்கள் லேப்பில் அது 600 ரூபாய். தீப்பெட்டி ஆபீஸ் சம்பளத்தில் அது சின்னத் தொகை இல்லை.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். அந்தக் கட்டுரை வந்த அதே ஞாயிறு பக்கத்தில், அதே அளவு எழுத்தில், டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்று ஒரு வரி போடுங்கள். கடிதம் நீளம் என்று எனக்குத் தெரியும். எங்கே வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், மாவிளக்கைக்கூட வெட்டலாம்; 7 முதல் 140 என்ற பத்தியை மட்டும் விட்டுவிடுங்கள். பெயர் போட வேண்டாம். மகன் இப்போது பத்தாம் வகுப்பு, சிலேட்டுக் குச்சி விஷயம் வகுப்புக்குத் தெரிந்தால் என்னோடு பேச மாட்டான்.

முதலில் வந்த அந்த அம்மாவை அன்றைக்கு ரத்தம் எடுக்காமல் உட்கார வைத்து, அவர் பையனைப் பார்க்கும் டாக்டருக்கு என் போனிலிருந்தே பேசினோம். மறுநாள் காலையிலிருந்து மாத்திரையைத் தொடரச் சொன்னார். ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் மட்டும் பார்க்கச் சொன்னார். பையனுக்குச் சளி இருந்ததால் இரண்டு வாரம் கழித்து வந்தார்கள். ஃபெரிட்டின் 38. கால் உளைச்சல் இல்லை, எதையும் தின்பதும் இல்லை. சொட்டு மருந்து தேவைப்படவில்லை. அந்தப் பத்திரிகைத் துண்டு என் மேசை டிராயரிலேயே கிடந்தது. இனி எதற்கு என்று கிழிக்கப் போனேன். "எக்கா, கிழிச்சிராதீங்க, பின்பக்கம் வரன் விளம்பரம் இருக்கு, தங்கச்சிக்குப் பாத்துக்கிட்டு இருக்கோம்" என்று வாங்கி, திரும்பவும் நாலாக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
கோவில்பட்டி.